இடப்பக்கக் கிழிசல்

நவம்பர் 3, திங்கள்

கோயம்புத்தூரிலிருந்து ராமநாதபுரம் வரை ரயில். அங்கிருந்து கடற்படையின் ஜீப். வெள்ளாத்துமுனைத் தளத்துக்கு வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. மிச்சமிருந்த சோறும் ரசமும் கிடைத்தன. அறையில் மின்விசிறி ஓடுகிறது, கொசுவலை இல்லை.

ஹோவர்கிராஃப்ட் கலத்தை உடனே பார்க்க வேண்டும் என்றேன். கொட்டகைக்குள் அது தரையோடு தரையாக, காற்றுப் போன பந்து மாதிரி சப்பென்று கிடந்தது. மேலே கப்பல், பின்னால் விமானத்தின் விசிறிகள், கீழே சுற்றிலும் கறுப்பு ரப்பர்ப் பாவாடை. இங்கே எல்லாரும் அதைப் பாவாடை என்றுதான் சொல்கிறார்கள். மீனவர்கள் கலத்தையே ‘காத்துக்கப்பல்’ என்கிறார்களாம்.

அந்தப் பாவாடை எங்கள் ஆலையில் என் மேற்பார்வையில் செய்தது. சோதனை ஓட்டம் போகும்போதெல்லாம் கிழிந்துகொண்டே இருக்கிறது. இடப்பக்கம், பின்மூலை. வேறெங்கும் ஒரு கீறல் கிடையாது. காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். ரப்பரில் கோளாறு என்றால் ஒப்பந்தம் வேறு ஆலைக்குப் போய்விடும்.

அம்மா போனில் சிரித்தாள். “பாவாடை தெக்கறதுக்காடி கண்ணு உன்னைய அத்தனை தூரம் கூப்புட்டாங்க?”

ஆமாம் என்றேன்.

நவம்பர் 5, புதன்

இன்று முதல் முறையாக ஏறினேன்.

இயந்திரத்தை முடுக்கியதும் காற்று கீழே போய் நிறைகிறது. ரப்பர் புடைக்கிறது. இத்தனை டன் எடையும் ஒரு பெருமூச்சோடு இடுப்புயரம் எழுந்து நிற்கிறது. சிமெண்ட் ஏறுதளத்தில் வழுக்கி இறங்கி, மணலைத் தாண்டி, தண்ணீருக்குள் போனது தெரியவே இல்லை. ஜன்னலில் நீர்த்துளி அடித்த பிறகுதான் கடலில் இருக்கிறோம் என்று புரிந்தது.

ஓட்டியவர் கமாண்டர் தேவசகாயம். குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர், ஐம்பதை நெருங்குகிற வயது. இந்த மாதிரிக் கலங்களை நாட்டில் முதலில் ஓட்டிப் பழகியவர்களில் ஒருவராம். அவர் இடப்பக்க இருக்கையில். வலப்பக்கத்தில் ரேடாரைப் பார்த்துக்கொண்டு லெப்டினன்ட் நிலோபர். நாகூர்ப் பெண், கலம் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் பின்னால், மெக்கானிக் முனீஸுடன்.

“பிரேக் எங்கங்க சார் இருக்கு?” என்று கேட்டேன்.

“பிரேக்கா? அதெல்லாம் இதுக்குக் கெடையாது, இஞ்சினீரம்மா. நிக்கணும்னு நெனச்சா முன்னாலயே நெனச்சிரணும் பாத்துக்கிடுங்க. திருப்புனா ஒடனே திரும்பாது. பனிக்கட்டி மேல சைக்கிள் ஓட்டுத மாதிரி, மூஞ்சி ஒரு பக்கம் போவும், ஒடம்பு ஒரு பக்கம் போவும்.”

இங்கே ஏன் இந்தக் கலம் வேண்டும் என்பதும் இன்றுதான் புரிந்தது. கரையிலிருந்து தீவுகள் வரை கடல் முழங்காலளவுதான். நடுநடுவே மணல் திட்டுகள், பாறைகள். படகில் துரத்தினால் தரைதட்டும். கடத்தல்காரர்கள் அந்த ஆழமில்லாத பாதையில்தான் போய் வருகிறார்கள். இது அதன் மேல் மிதந்து போகிறது. திட்டு வந்தால் ஏறி இறங்குகிறது.

திரும்பி வந்து பார்த்தேன். இடது பின்மூலையில் ஒரு முழத்துக்குக் கிழிசல்.

நவம்பர் 8, சனி

கிழிந்த இடத்தையும் கிழியாத இடத்தையும் பட்டைபட்டையாக வெட்டி, எடை கட்டித் தொங்கவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரி தாங்குகின்றன. பசையும் விட்டுப் போகவில்லை. காற்றழுத்தம் இடம், வலம் இரண்டிலும் சமம்.

ரப்பர் நல்ல ரப்பர். சந்தோஷம்தான். ஆனால் இது பதில் இல்லையே. நல்ல ரப்பர் ஏன் ஒரே மூலையில் கிழிய வேண்டும்?

நவம்பர் 9, ஞாயிறு

கமாண்டர் சமையலறைக்குள் புகுந்து தானே மீன்குழம்பு வைத்தார். தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு, அவர்கள் ஊர்ப் பக்குவம். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். அவர் மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறதாம். மகள் பெங்களூரில் படிக்கிறாள்.

சாப்பிடும்போது இடக்கைப் பக்கம் இருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். என் துப்பட்டா முழுக்க ஈரம். “கடல்ல நனையாதவள இங்க நனச்சிட்டேன்” என்று சிரித்தார். நல்ல மனிதர். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார். மணல் விழுந்ததாம். இந்தக் கடற்கரையில் யார் கண்ணில்தான் மணல் இல்லை.

நவம்பர் 12, புதன்

இன்று மானம் போயிற்று.

கலம் ஏறுதளத்தில் எந்தத் தடத்தில் வருகிறது என்று பார்க்க நினைத்தேன். சமையலறையில் ஒரு மூட்டை அரிசிமாவு வாங்கி சிமெண்ட் தரை முழுக்கத் தூவி வைத்தேன். ரப்பர் உரசினால் மாவு அழியும், தடம் தெரியும். முனீஸ் ஏதோ சொல்ல வந்தான், நான் கேட்கவில்லை.

கலம் வந்தது. அடியிலிருந்து வந்த காற்றில் மாவு மொத்தமும் ஒரு மேகமாக எழுந்தது. நான், முனீஸ், காவலுக்கு நின்றவர்கள், காயப்போட்டிருந்த சீருடைகள், கமாண்டரின் ஜீப், எல்லாம் வெள்ளை.

“அதத்தான் மேடம் சொல்ல வந்தேன்” என்றான் முனீஸ். “காத்துக்கப்பல் முன்னாடி மாவக் கொட்டுனா அது எங்கிட்டு நிக்கும்?”

கலத்திலிருந்து இறங்கிய கமாண்டர் என்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலைக்கு இரண்டு முறை குளித்தும் மாவு போகவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

மாவுக்குப் பதில் பெயிண்ட். ஏறுதளத்தின் இரண்டு ஓரங்களிலும் பாறைக்கற்கள் பதித்த கரை இருக்கிறது. இடப்பக்கக் கற்களுக்கு மஞ்சள், வலப்பக்கக் கற்களுக்குச் சிவப்பு அடித்து, ஈரம் காயும் முன் கலத்தை வரச் சொன்னேன்.

காலையில் கமாண்டர் ஓட்டினார். இடது பின்மூலையில் அழகாக மஞ்சள் அப்பியிருந்தது. கல்லில் ரப்பரின் கறுப்பு. ஆக, கிழிப்பது கடல் இல்லை. வீட்டு வாசற்படிதான்!

மதியம் மறுபடி பெயிண்ட் அடித்தேன். பயிற்சிக்காக நிலோபர் ஓட்டினாள். ரப்பரில் ஒரு பொட்டுக் கூட இல்லை.

கமாண்டரிடம் சொன்னேன். “காலைல வாடைக்காத்து தள்ளுதுல்லா, மத்தியானம் காத்து கம்மி” என்றார். சரியாகத்தான் இருக்கும். காற்றைப் பற்றி அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது.

நவம்பர் 17, திங்கள்

காலையில் நிலோபர், மதியம் கமாண்டர் என்று மாற்றி ஓட்டச் சொன்னேன். காலையில் நல்ல காற்று, மதியம் இலை அசையவில்லை.

மதியம்தான் மஞ்சள் அப்பியது.

நவம்பர் 18, செவ்வாய்

முனீஸின் கருவிப்பெட்டி கொட்டகை நடுவில் இருந்தது. கமாண்டர் அதில் இடறி விழப் பார்த்தார். “பாதைல வச்சிருக்கியே!” என்று முனீஸைத் திட்டினார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அப்புறம் அவரே போய் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மாதம் இரண்டு முறை மதுரைக்குப் போகிறார். பல்வலியாம். அவ்வளவு முறுக்கும் சீடையும் கடிக்கிற பற்கள்.

நவம்பர் 19, புதன்

மாலையில் அவரோடு கடற்கரையில் நடந்தேன். அவர் வலப்பக்கம் நான். இடப்பக்கம் போனால் ஏனோ நின்று, சுற்றி வந்து என்னை வலப்பக்கம் ஆக்கிக்கொள்கிறார்.

“சார், ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“கேளுங்க.”

“உங்க கண்ணு நல்லா இருக்குதுங்களா?”

அவர் நடையை நிறுத்தவில்லை. “ஆறுக்கு ஆறு. போன மாசந்தான் படை டாக்டரு பாத்தாரு. கடைசி வரியில உள்ள பொடி எழுத்துவர வாசிச்சேன்.”

கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்: “அடுத்த மாசம் ஏற்புச் சோதனை. மேலிடத்துலேருந்து வந்து பாத்துத்தான் கலத்த எடுத்துக்கிடுவாவ. இந்தக் கலம் வேணுமின்னு எழுதி எழுதி வாங்குனது நான், கேட்டியளா. அத நானே ஓட்டிக் காட்டணும். அதுக்கப்பறம் எதுனாலும் இருக்கட்டு. அதுவர பாவாடைய நல்லாத் தச்சு வைங்க, இஞ்சினீரம்மா. அது போதும்.”

ஆறுக்கு ஆறு. டாக்டரே சொல்லிவிட்டார். வேறென்ன வேண்டும்?

நவம்பர் 20, வியாழன்

இடது பின்மூலைக்கு மட்டும் இரட்டை அடுக்கு ரப்பர் ஒட்டினேன். ஏன் அங்கே மட்டும் என்று முனீஸ் கேட்டான். பாதுகாப்புக்கு என்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மூன்று ஓட்டம். கிழியவே இல்லை. ஆலைக்குப் போன் செய்து சொன்னேன். மேலாளர் அங்கே மேசையைத் தட்டியது இங்கே கேட்டது. கமாண்டர் மறுபடி மீன்குழம்பு வைத்தார். எனக்குப் பசியில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

அறிக்கையைப் பாதி எழுதிவிட்டேன். ‘உராய்வு மிகுந்த பகுதியில் ஒற்றை அடுக்கு போதவில்லை.’ இது பொய் இல்லை.

நிலோபர் என் அறைக்கு வந்தாள். கட்டிலில் உட்காராமல் வாசலிலேயே நின்றாள்.

“மேடம், கிழியாம போச்சுன்னா ஒரசாம போச்சுன்னு அர்த்தமா?”

“என்ன சொல்றே?”

“சார்தான் எனக்கு ஸ்டியரிங் புடிக்கவே கத்துக்கொடுத்தாங்க. அவங்களப் பத்தி என் வாயால நான் எப்புடிச் சொல்றது? நீங்க வெளியாளு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

எனக்கு ரப்பர்தான் தெரியும் என்றேன். அவள் போய்விட்டாள். கொசு இன்று அதிகம்.

நவம்பர் 29, சனி

ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையிலேயே வானம் கறுத்திருந்தது. காற்றழுத்தத் தாழ்வு, மீனவர்கள் போக வேண்டாம் என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் கடற்பாசி எடுக்கும் பெண்கள் சிலர் விடியும் முன்பே வள்ளத்தில் போய் ஒரு மணல் திட்டில் இறங்கியிருக்கிறார்கள். காற்று முற்றியதும் வள்ளத்தின் இயந்திரம் நின்றுவிட்டது. திட்டில் பெண்கள், தூரத்தில் அலையில் ஆடும் வள்ளத்தில் அதை ஓட்டிப்போனவர். கடல் ஏறினால் திட்டு முழுகிவிடும். படகு போனால் பாறையில் அடிபடும், ஹெலிகாப்டர் அந்தக் காற்றில் எழும்ப முடியாது. நம் கலத்தை அனுப்பச் சொன்னார்கள்.

கமாண்டர் ஓட்டினார். பாவாடை கிழிந்தால் நடுக்கடலில் ஒட்ட ஆள் வேண்டும் என்று நானும் ஏறினேன். அதற்காகத்தான் ஏறினேன்.

மழை சாய்வாக அடித்தது. நிலோபர் ரேடாரைப் பார்த்துத் திசை சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கமாண்டரின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். இடப்பக்கக் கண்ணாடியில் எதுவோ அசைந்தது. அலை இறங்கியதும் தெரிந்தது. வள்ளம். அதில் ஒருவர் எழுந்து நின்று சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தார். எங்களுக்கு நேராக.

இவர் இப்போது திருப்புவார் என்று காத்திருந்தேன். திருப்பவில்லை.

“இடது! சார், இடது! வள்ளம்!”

“எங்க? எங்க?” தலையை முன்னும் பின்னும் ஆட்டித் தேடினார். அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

நான் அவர் தோளைப் பிடித்து வலப்பக்கம் தள்ளினேன் என்று நினைக்கிறேன். கலம் பக்கவாட்டில் சறுக்கியது. எங்கள் காற்றும் நீரும் அடித்து வள்ளம் ஒருக்களித்தது, கவிழவில்லை. அந்த மனிதரின் முகம் கண்ணாடியைத் தாண்டிப் போனது. வாய் திறந்திருந்தது.

கமாண்டர் இயந்திரத்தைத் தணித்தார். கலம் மெல்லக் கடல் மேல் அமர்ந்து அலையில் ஆடத் தொடங்கியது. அவர் பட்டையை அவிழ்த்து எழுந்தார்.

“நிலோபர், நீ வா. எடு.”

“சார், இப்பவா?”

“இப்பந்தான். எனக்கு இடப்பக்கம் தெரியல, மக்ளே. நேரா பாத்தா எல்லாம் தெரியும், ஓரம் தெரியல. ஆறு மாசமா இப்படித்தான். எடு.”

நிலோபர் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு இடம் மாறி உட்கார்ந்தாள். இயந்திரத்தை முடுக்கினாள். ரேடாரில் கமாண்டர் உட்கார்ந்தார். குரல் மாறவே இல்லை. “மெதுவா. காத்த எதுத்துப் போ. அது சறுக்கட்டு, நீ பயப்படாத.”

முதலில் வள்ளத்துக்குத் திரும்பினோம். முனீஸ் கயிறு வீசி அந்த மனிதரை இழுத்து ஏற்றினான். ஏறியதும் அவர் கத்தினார்: “கண்ணு தெரியலையாய்யா ஒங்களுக்கு?”

“ஆமாண்ணே” என்றார் கமாண்டர். “தெரியல.”

அந்த மனிதருக்கு அதற்கு மேல் திட்டத் தோன்றவில்லை. கீழே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

திட்டு என்று ஒன்று அங்கே இல்லை. கடல் நடுவில் பெண்கள் முழங்கால் தண்ணீரில் கைகோத்து நின்றார்கள். அவ்வளவுதான் தெரிந்தது. நிலோபர் அவர்களுக்குப் பக்கத்தில், காற்று அவர்கள் மேல் அடிக்காதபடி சுற்றி வந்து, ஒரு தட்டை வைக்கிற மாதிரி கலத்தை இறக்கினாள். முன்கதவைத் திறந்து கமாண்டரும் முனீஸும் நானும் கை நீட்டினோம். மற்றவர்கள் தாவி ஏறினார்கள். மூத்தவள், களஞ்சியம் என்று பெயர், பாசி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மூட்டைய விட்டுட்டு ஏறுங்கம்மா!”

“காலைலருந்து முங்கி முங்கி எடுத்தது தாயி. இதவிட்டு எப்புடி வர்றது? இத மொத வாங்கு.”

கமாண்டர் தண்ணீரில் இறங்கி, மூட்டையை ஒரு கையிலும் அவளை ஒரு கையிலும் தூக்கிக் கொடுத்தார். பின்னால் வந்த அலை அவரை முழுக்க மூடியது. முனீஸ் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான்.

வரும் வழியில் அந்தப் பெண்கள் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு, பயம் தெளிந்த பிறகு, இது எப்படி மிதக்கிறது என்று முனீஸைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். நிலோபர் கல்லில் படாமல் ஏறுதளத்தில் ஏற்றினாள்.

நவம்பர் 30, ஞாயிறு

பாதி அறிக்கையைக் கிழித்துப் போட்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

விசாரணை. கமாண்டர் முன்னமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கண் நீர் அழுத்த நோய். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருமாம். எழுத்து வாசிக்கிற சோதனையில் தெரியாது. மதுரையில் பார்த்தது பல்லை அல்ல.

என்னிடம் விசாரணை அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார். “உங்களுக்கு இது எப்போது தெரியும்?”

“பதினேழாம் தேதி, திங்கட்கிழமை” என்றேன். “காற்றே இல்லாத மதியம்.”

“பின் ஏன் இரட்டை அடுக்கு போட்டீர்கள்?”

தெரிந்ததைத் தெரியாமலாக்க என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். மாலையில் மேலாளர் போன் செய்து, ரப்பர் தப்பித்துவிட்டது, நீ தப்பிப்பது கஷ்டம் என்றார். சோதனை முடிந்ததும் கிளம்பி வரச் சொன்னார்.

டிசம்பர் 8, திங்கள்

இரட்டை அடுக்கை உரித்து எடுத்தேன். முனீஸ் காரணம் கேட்கவில்லை.

நிலோபரிடம் மன்னிப்புக் கேட்டேன். “நானும்தான மேடம் வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டேன்” என்றாள்.

டிசம்பர் 11, வியாழன்

ஏற்புச் சோதனை. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நிலோபர் ஓட்டினாள். மேலிடத்து அதிகாரிகள், ஆயுதங்களோடு ஒரு பிரிவு வீரர்கள். தீவுகளுக்கு நடுவே வளைந்து, ஒரு திட்டில் ஏறி வீரர்களை இறக்கி, மறுபடி ஏற்றி, திரும்பினாள். கலத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கமாண்டரும் வந்தார், பயணியாக. இனி அவர் ஓட்ட முடியாது. அடுத்த வாரம் மதுரையில் அறுவை சிகிச்சை, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். அதன் பிறகு கரையில் ஏதாவது வேலை கொடுப்பார்கள். பின்வரிசையில் ஜன்னலோரமாக அவரும், பக்கத்தில் நானும் உட்கார்ந்தோம். என்னிடம் கோபமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் அவரே பேசினார். “இத்தன வருசமா ஓட்டுதேன், கேட்டியளா. முன்னால உள்ளத மட்டுந்தான் பாத்துருக்கேன். இப்படி உக்காந்து சும்மா கடலப் பாத்ததே இல்ல.”

கொஞ்சம் கழித்து, “இடப்பக்கம் இப்ப என்னதான் இருக்கு?” என்றார். தலையைத் திருப்பியிருந்தால் அவரே பார்த்திருக்கலாம். திருப்பவில்லை.

“ஒரு திட்டுங்க சார். தண்ணி வடிஞ்சு வெள்ளையா கெடக்குது. அதுல பூநாரைங்க. நம்ம சத்தத்துக்கு எந்திருச்சுப் பறக்குதுங்க.”

“கால நீட்டிக்கிட்டா?”

“ஆமாங்க. றெக்கைக்கு அடியில அத்தனை சிவப்பு.”

“உள்ளதா? அப்பறம்?”

“அப்பறம் ஆழம் வந்துருச்சுங்க. தண்ணி பச்சையிலிருந்து கருநீலமா மாறுது. கோடு போட்ட மாதிரி இருக்குது.”

“அது எந்த இடம்னு எனக்குத் தெரியும்” என்றார். “ஆனா கோடு இருக்கும்னு தெரியாது. அப்பறம்?”

கரை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.